வெளிச்சத்தில் வைத்த முட்டை

தண்ணீர் போதவில்லையாம். மெர்சி சிஸ்டர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, "சார், உங்க வீட்டம்மாவுக்கு யூரின் இன்னும் நிறையல, நிறைஞ்சாத்தான் ஸ்கேன்ல தெளிவாத் தெரியும், இன்னொரு பாட்டில் குடிக்கச் சொல்லியிருக்கோம்" என்றாள். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. "நீங்க உள்ள வர்றீங்களா இல்லையா? வந்தா அந்தப் பச்சைக் கவுனைப் போட்டு ரெடியா இருக்கணும்." காசிமாயன் கால்மேல் கால் போட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற தோரணையில்தான் அங்கே உட்கார்ந்திருந்தான். "நான் எதுக்கு சிஸ்டர், அதான் நீங்கள்லாம் இருக்கீங்கள்ல" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சலவை வாசம் அடிக்கிற கவுன் பக்கத்து நாற்காலியில் மடித்தபடி கிடந்தது. கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பித் தரவும் இல்லை, எடுத்து உடுத்தவும் இல்லை, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். பாவம் ஜெயக்கொடி, காலையிலிருந்து எத்தனை பாட்டில்தான் குடிப்பாள், பஸ்ஸில் போனாலே உசிலம்பட்டியில் இறங்கி ஒதுங்க இடம் தேடுகிறவள். இன்றைக்கு வாடகைக் காரில்தான் வந்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கும்போது அவள் கேட்டாள், "உள்ள வைக்கிற நேரத்துல மட்டும் பக்கத்துல நில்லுங்க மாமா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அத்தனை வருஷத்தில் அவள் வேண்டும் என்று கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவன் யோசிக்காமல் சொன்னான், "ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?" அதற்குப் பிறகு செக்கானூரணி வரும் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜெயக்கொடி பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கிற வித்தை மட்டும் அவனுக்கு இன்னும் வசப்படவில்லை.

மற்ற வித்தையெல்லாம் வசம்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. கிளிமூக்கு விசிறிவால் சேவல் என்றால் தேனிப் பக்கம் காசிமாயன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள், கண்காட்சிக்கு வருகிற நடுவர்களே சந்தேகம் வந்தால் ஓரமாக அவனைக் கூப்பிட்டு, "அண்ணே, இத ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். அவன் ஒரு பார்வைதான் பார்ப்பான், ரெண்டாவது பார்வை கிடையாது. அலகு கிளிக்கு வளைகிற மாதிரி உள்வாங்கி வளையுமா, கண் முத்துப்போல வெளுக்குமா, வால் தரையைத் தொட்டு விரியுமா என்பதெல்லாம் குஞ்சு ஓட்டைவிட்டு வந்து ஈரம் காய்ந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியும், அவ்வளவுதான். தெரிந்ததும் கை தானாகப் பிரிக்கும். இது நிற்கும், இது கழியும். கழிக்கிறதைக் கூடையில் போட்டு மூடிச் சந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு இரக்கப்பட்டால் ரெண்டு தலைமுறையில் லைன் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும் என்று அப்பா பெரியமாயன் சொல்லிச் சொல்லிக் கையில் ஏற்றிய பாடம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லி வைத்தவன் சேவல் வளர்த்திருக்க மாட்டான், வளர்த்திருந்தால் குயில் முட்டையையும் சேர்த்து அடைகாத்துவிட்டுக் கேனையாக நிற்கிற காக்கையைப் போய் உதாரணம் காட்டியிருப்பானா. இங்கே உட்கார்ந்திருந்தாலும் கண் சும்மா இருக்கிறதா. எதிர் நாற்காலியில் ஒரு தம்பி செல்போனை நோண்டிக்கொண்டிருக்கிறான், அந்தத் தாடை நிச்சயம் அவன் அம்மா வழி, அப்பனுக்கு அப்படி இருந்திருந்தால் கழுத்து இவ்வளவு நீளம் வந்திருக்காது. சுவர் முழுக்கக் குழந்தைப் படம் மாட்டியிருக்கிறார்கள், ஒன்றாவது நம்ம ஊர்ப் பிள்ளையா, எல்லாம் நீலக் கண்ணும் செம்பட்டை முடியும். கருவை மதுரையில் வைத்துவிட்டுப் படத்துக்கு மட்டும் எந்தச் சீமையிலிருந்தோ பிள்ளை பிடித்து வந்திருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு வந்த இடத்திலேயே இன்னொன்றும் வந்தது. இங்கே முதலில் வந்தபோது அவன் கேட்ட கேள்வியை நினைத்தால் மெர்சி சிஸ்டர் இன்னமும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவனுக்கு வித்தே இல்லை, குறைச்சல்கூட இல்லை, சுத்தமாக இல்லை என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொல்லிவிட்டு, ஊசியால் உள்ளிருந்தே எடுத்துப் பார்த்து அங்கேயும் இல்லை என்று ஆனபிறகு, வேறொருவர் கொடுத்ததை வைத்து ஜெயக்கொடியின் கருமுட்டையோடு சேர்க்கலாம், அதற்கென்று பேங்க் இருக்கிறது, ஆள் யார் என்று உங்களுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது, நிறம், உயரம், பிளட் குரூப் உங்களுக்குப் பொருத்தமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் காசிமாயன் நிதானமாகக் கேட்டான், "சரிங்கம்மா, அந்தப் பையனோட அம்மாவ ஒரு தடவ பாக்க முடியுமா?" ஜெயக்கொடி குனிந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் தப்பாகவா கேட்டான்? சேவல் வாங்கப் போகிறவன் எவனாவது சேவலைப் பார்த்து வாங்குவானா. விவரம் உள்ளவன், "தாய்க்கோழி எங்க இருக்கு, காட்டு" என்றுதான் முதலில் கேட்பான். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. சேவல் ரோட்டில் நின்று கூவும், லட்சணம் எல்லாம் கூட்டுக்குள் இருக்கிற பெட்டையிடம் இருக்கும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இல்லைங்க, அதெல்லாம் காட்ட மாட்டாங்க" என்றார். காட்ட மாட்டார்கள் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கச் சொல்கிறார்கள். காசிமாயன் வாழ்க்கையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு முட்டைகூட வாங்கியது இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டான், ஜெயக்கொடி தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்த பார்வைக்காகப் போட்டான்.

வித்து இல்லாமல் போனதற்கு யாரைக் குறை சொல்ல. பொன்னுக்குவீங்கி. மீசை அரும்புகிற வயசில் வந்தது, ரெண்டு கன்னமும் பணியாரமாக உப்பி, வீக்கம் கீழே விதைக்கும் இறங்கிவிட்டது. அப்போதெல்லாம் யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பொன் போட்டால் இறங்கிவிடும் என்று அத்தை தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டது. அத்தை என்றால் அப்பா கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, ஜெயக்கொடியைப் பெற்றவள். சங்கிலி கழுத்தில் கிடந்த வரைக்கும் சுகமாகக் குளிர்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கன்னம் வற்றியது, ஊரே அத்தை கைராசி என்றது, உள்ளே என்ன வற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. வருஷம் போய் ஒரு கண்காட்சியில் எவனோ ஒருத்தன் முதுகுக்குப் பின்னால், "ஊரு சேவலுக்கெல்லாம் வம்சம் பாக்குறாரு, சொந்த அடையில கூமுட்டை" என்று சொன்னது காதில் விழுந்தது. காசிமாயன் திரும்பிப் பார்க்கவில்லை, அன்றைக்கு முதல் பரிசும் அவனுக்குத்தான், கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். வலிக்காமல் இல்லை, ராத்திரி படுத்தால் அந்தக் குரல் காதுக்குள்ளேயே கூவியது. ஆனால் அவன் உடைகிற ஆள் இல்லை. முட்டையில் கோளாறு என்றால் முட்டையை மாற்று, மண்ணில் கோளாறு என்றால் மண்ணை மாற்று, உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறவன் கோழி வளர்க்க லாயக்கில்லை. அத்தை சங்கிலி, அத்தை கழுத்து, அத்தை மூக்கு என்று நினைப்பு போனபோது காசிமாயன் சட்டென்று காலைக் கீழே இறக்கினான்.

அத்தை மூக்கு. அவர்கள் வீட்டை ஊரில் கிளிமூக்கு வீடு என்பார்கள். சேவலால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும் அது ஆட்களால் வந்த பெயர். தாத்தாவுக்கு அந்த மூக்கு, அப்பாவுக்கு அந்த மூக்கு, காசிமாயனுக்கு அதே மூக்கு, நுனியில் உள்வாங்கி வளைந்தது. அத்தைக்கும் அதே மூக்கு. அதனால்தான் மூக்குத்தி போட்டால் எடுப்பாக இல்லை என்று அது கடைசிவரை போடவே இல்லை. ஜெயக்கொடிக்கு மட்டும் அவள் அப்பா மாதிரி நேரான மூக்கு. பெண் கொடுத்தால் போச்சு, அது வேற குலசாமி, வேற ரத்தம் என்றுதான் அவர்கள் ஊரில் எல்லோரும் கணக்குப் போடுவார்கள், அவனும் இத்தனை நாள் அந்தக் கணக்கிலேயே உட்கார்ந்து, இதோடு வீட்டு லைன் அறுந்தது என்று மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். மடையன். கோழிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கா? நல்ல சேவல் செத்துப்போனால் அவன் என்ன செய்வான், அதன் தங்கச்சிப் பெட்டையின் மகளைத் தேடிப் பிடித்து எந்தச் சேவலோடாவது ஜோடி போடுவான். பெட்டைக்கு அலகு வளைந்திருக்காது, வால் இருக்காது, பார்த்தால் சாதாரணமாக இருக்கும், ஆனால் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். மகனிடம் வெளியே வரும், பேரனிடம் வரும். தாத்தாவின் உடம்பிலிருந்து அத்தைக்குப் போனது, அத்தையிடமிருந்து ஜெயக்கொடிக்குப் போனது, அவள் முட்டையிலிருந்து ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுக்கு வந்து, இப்போது இந்தக் கதவுக்குப் பின்னால் எங்கேயோ சூடு குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. அறுந்தது எங்கே? அது பாட்டுக்கு வேறு வாசல் வழியாக நடந்து வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தை மகளைக் கட்டியது அப்பாவின் வற்புறுத்தல் என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டவன், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான். எதிரே இருந்த தாடைக்காரத் தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஒண்ணுமில்லப்பா" என்றான் காசிமாயன்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றது. மூக்கு வரும். வராமலும் போகும். பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் குறைச்சல்தான், அது அவனுக்குத் தெரியாதா. வராமல் போனால்? தொட்டிலில் கிடக்கிற பிள்ளை கையைக் காலை உதறிக்கொண்டு இவனைப் பார்க்கிறது, இவன் அதை எங்கே பார்ப்பான்? மூக்கைப் பார்ப்பான். நாளைக்குப் பார்ப்பான், நாளை மறுநாள் பார்ப்பான், பால் குடித்து வளர வளர இன்றைக்கு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பான். வேண்டாம் என்று நினைத்தாலும் இந்தக் கண் கேட்குமா, கேட்டு என்றைக்குப் பழக்கம். காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து, "மூணு கரு நல்லா வளர்ந்திருக்கு சார், அதுல ஒண்ணு முதல் கிரேடு, அதத்தான் இன்னைக்கு வைக்கிறோம்" என்றதும், அவன் வாய் முந்திக்கொண்டு, "எதப் பாத்தும்மா கிரேடு போடுறீங்க?" என்று கேட்டதே. அவளும், "உருண்டையா ஒரே சீரா இருக்கான்னு பாப்போம் சார், ரொம்ப நாள் பாத்தா கண்ணுக்குப் பழகிரும்" என்று சொன்னபோது, ஒரு தொழில்காரனை இன்னொரு தொழில்காரன் பார்க்கிற மாதிரி அவளை மரியாதையாகப் பார்த்தான். அப்புறம்தான் அவள் இன்னொன்றும் சொன்னாள். உள்ளே டிவி மாதிரி ஒன்றில் அதைப் பெரிதாகக் காட்டுவார்களாம், புருஷன்மார் வந்து பார்க்கலாமாம். அவன் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு பார்வைதான், ரெண்டாவது கிடையாது. நிற்கும், அல்லது கழியும். இந்தக் கண் இதுவரைக்கும் தப்பியதே இல்லை, அதுதான் பயமே. தப்புகிற கண் என்றால் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். போன தை மாதம் ஜெயக்கொடி ஒரு குஞ்சுக்கு உள்ளங்கையில் கம்பு வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், கால் சாம்பல் நிறம், உடம்பு கீரிக் கலரும் இல்லை காகக் கறுப்பும் இல்லை, எந்தக் கண்காட்சிக்கும் ஆகாது. அவன் எடுத்துக் கூடையில் போட்டபோது அவள் கையை விரித்தபடியே இருந்தாள். "எப்படி மாமா இருக்கு?" என்று எந்தக் குஞ்சு பொரித்தாலும் கேட்கிறவள், அன்றையிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். கம்பு மட்டும் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. இந்தப் பிள்ளைக்கும் அவள் அப்படித்தான் ஊட்டுவாள், அப்போது இவன் எங்கே நிற்பான்? அவனுக்குப் பயம் என்பது புதுச் சட்டை மாதிரி, போட்டுப் பழக்கமில்லை, எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் நாற்காலியில் நெளிந்தான்.

அதனால்தான் வரமாட்டேன் என்றது. ஆம்பளைக்கு என்ன வேலை என்பதெல்லாம் வாய் ஜம்பம். காரணம் வேறே, அதைச் சொன்னால் கோழிப் பைத்தியம் என்பார்கள், கோழிக்காரனுக்கு மட்டும்தான் புரியும். தாயில்லாத குஞ்சை அடைக்கோழியிடம் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளிச்சத்தில் கொண்டுபோய் விட்டால் கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், நம்மது இல்லை என்று தெரிந்துகொள்ளும், மண்டையில் ஒரே கொத்து, குஞ்சு காலி. இருட்டில் விட வேண்டும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கையை அதன் வயிற்றுக்கடியில் நுழைத்து, சத்தமில்லாமல் குஞ்சைச் சொருகிவிட்டு வந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க ரெண்டும் ஒரே சூட்டில் கிடக்கும். விடிந்து பார்த்தால் அது அதன் குஞ்சு, எவனாவது எடுக்க வந்தால் கையைப் பிறாண்டிவிடும். எத்தனை குஞ்சை அப்படி அவன் ஏமாற்றிச் சேர்த்திருக்கிறான். அதே வித்தையைத் தனக்குத்தானே செய்துகொண்டால் போயிற்று. பார்க்கக் கூடாது. டிவியிலும் பார்க்கக் கூடாது, ஸ்கேனிலும் பார்க்கக் கூடாது, ஒரு இருட்டில் கிடக்கிற மாதிரி அது பாட்டுக்கு ஜெயக்கொடி வயிற்றில் வளரட்டும், அவனும் ஒரே வீட்டுச் சூட்டில் கிடப்பான், பிறகு ஒரு நாள் விடியும்போது அது அவனுடையதாக ஆகியிருக்கும். இது கோழைத்தனம் இல்லை, கணக்கு. காசிமாயன் போடுகிற கணக்கு தப்பாது. மறுபடி கால்மேல் கால் போட்டுக்கொண்டான், கவுனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான், மெர்சி சிஸ்டர் வந்தால் நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிடலாம்.

அனுப்பிவிடலாம். ஆனால் எங்கேயோ ஒரு நூல் சிக்கியது. கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தான், குஞ்சு சரி, இருட்டு சரி, கோழி சரி. கோழி எது? அவனிடம் அடைக்கு என்றே ஒரு சிறுவிடைக் கோழி இருக்கிறது, குட்டையாக, மண் நிறத்தில், ஒரு லட்சணமும் கிடையாது, சந்தையில் சீந்துவார் இல்லை. கிளிமூக்குப் பெட்டைக்கு உடம்பு கனம், அடையில் உட்கார்ந்தால் முட்டையை நசுக்கிவிடும், அதனால் பெரிய விலை முட்டையெல்லாம் இந்தச் சிறுவிடைக்கு அடியில்தான் போகும். ஆற்றுமணலைக் கூடையில் பரப்பி, இடி விழுந்தால் முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் சொருகி, முட்டையை வரிசையாக வைத்து, எது எந்த ஜோடியின் முட்டை என்று கரியால் கோடு கிழித்து, அதன் முன்னால் கொண்டுபோய் வைப்பான். எப்போது? பட்டப்பகலில். சோறு தின்றுவிட்டு நல்ல வெயிலில், ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து முட்டையை எடுத்துக் கொடுக்க, சிறுவிடை பார்க்கப் பார்க்கத்தான் வைப்பான். அது பார்க்காதா? நன்றாகப் பார்க்கும். தலையை இப்படிச் சாய்த்து ஒரு கண், அப்படிச் சாய்த்து ஒரு கண். தன் முட்டை சின்னது, இது பெரிசு, கரிக்கோடு வேறு கிழித்திருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும், முட்டாள் கோழி இல்லை அது. பார்த்து முடித்துவிட்டுக் கழுத்தை நீட்டி, அலகால் ஒவ்வொன்றாக உருட்டித் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்ளும். விளிம்பில் ஒன்று ஒதுங்கிக் கிடந்தால் எழுந்து அதையும் இழுத்துக்கொண்டு மறுபடி உட்காரும். ஒரு முட்டையைக்கூட அது கொத்தி அவன் பார்த்ததில்லை. இருட்டு வேண்டியது குஞ்சுக்குத்தான், பொரித்து வெளியே வந்து, வேறு எங்கேயோ ஆளாகிவிட்ட குஞ்சுக்கு. முட்டைக்கு இருட்டு வேண்டாம், முட்டையை வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். அப்படியானால் உள்ளே இருப்பது என்ன? இன்னும் குஞ்சு இல்லையே அது. அலகு இல்லை, கால் இல்லை, மூக்கு இல்லை, கழிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லையே. காசிமாயன், முட்டையையும் குஞ்சையும் குழப்பிக்கொண்ட ஒரே கோழிக்காரன் நீதான்டா என்று தன்னையே வைதுகொண்டான். இன்றைக்குப் பார்க்காமல் விட்டால் அடுத்து இவன் பார்க்கப் போவது தொட்டிலில்தான். அப்போது அது வெளியே வந்த குஞ்சு, அடித்துப் பெய்கிற வெளிச்சம், இந்தக் கண், முதல் பார்வை. இழுத்துக்கொள்கிறவர்கள் முட்டையிலேயே இழுத்துக்கொள்ள வேண்டும்.

எழுந்துவிட்டான். கவுனை உதறிக் கையை நுழைத்தபோது அது எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியவில்லை, சட்டை மாதிரி முன்னால் திறப்பாகப் போட்டு நாடாவை முடிந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மெர்சி சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், அது பின்னாடி வரணும்." "எந்தப் பக்கம் வந்தா என்ன சிஸ்டர், வழி விடுங்க" என்றான். அவள் விடவில்லை, திருப்பி நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி முதுகில் நாடாவைக் கட்டிவிட்டாள், தலைக்கு ஒரு தொப்பி, வாய்க்கு ஒரு துணி. அறைக்குள் ஏசி சில்லென்று இருந்தது. ஜெயக்கொடி மல்லாந்து கிடந்தாள், வயிறு தண்ணீரால் மேடு தட்டியிருந்தது, முகம் கடுகடுவென்று இருந்தது. பச்சைத் துணி மூடிய மூக்கைப் பார்த்து முதலில் யாரோ என்று நினைத்து, அப்புறம் கண்ணைப் பார்த்து, "என்ன மாமா, ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றாள். "சும்மா கெட" என்றான். அவள் கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான், தண்ணீர் பாட்டில் பிடித்துப் பிடித்து அது ஐஸாக இருந்தது. "முட்டுது மாமா, இன்னும் கொஞ்ச நேரம் ஆனா இங்கயே போயிருவேன்." "போனா போகட்டும், தொடச்சுக்குவாங்க." டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேசாம இருங்க ரெண்டு பேரும்" என்றார்.

சுவரில் டிவி வெளிச்சமாயிற்று. ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் தலையைக் காட்டி, "சார், இதுதான். நான் சொன்னேன்ல, முதல் கிரேடு, உள்ள செல்லெல்லாம் எவ்வளவு சீரா இருக்கு பாருங்க" என்று பெருமையாக ஆரம்பித்தாள். காசிமாயன் ஏறிட்டுப் பார்த்தான். பழக்க தோஷம், கண் போகிற இடத்துக்குத்தான் போயிற்று, விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது, கீழே இறங்கிக் கால் தேடியது, மேலே ஏறி அலகு தேடியது, ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. சாம்பல் வெளிச்சத்தில் உருண்டையாக ஒன்று, ஒரு பக்கம் கொஞ்சம் திட்டாக, மற்றபடி நிலாவைத் தண்ணீரில் பார்க்கிற மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா. இதற்குள்ளேதானா தாத்தாவும் அத்தையும் அந்த முகம் தெரியாத பையனும் அவனைப் பெற்ற யாரோ ஒரு தாயும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாவை நினைத்ததும், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று தோன்றியது. "கிரேடெல்லாம் இருக்கட்டும்மா" என்றான் அந்தப் பெண்ணிடம். "மாத்தி கீத்தி வச்சுராம, எங்களோடது அதுதான்னு மட்டும் சரியாப் பாத்துச் சொல்லு." அவள் கையிலிருந்த சீட்டில் ஜெயக்கொடி பேரையும் அவன் பேரையும் சத்தமாகப் படித்தாள், உள்ளே இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. "உங்களோடதுதான் சார்" என்றாள்.

மெல்லிசான குழாய் ஒன்று வந்தது, ஸ்கேன் திரையில் கறுப்புக்குள் கறுப்பாக என்னென்னவோ அசைந்தது, "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா, ஜெயக்கொடியிடம் சொன்னாரா இவனிடம் சொன்னாரா தெரியவில்லை. கறுப்பின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று வந்து நின்றது. ஜெயக்கொடிக்குத் திரை தெரியவில்லை, டாக்டரம்மாவின் தோள் மறைத்திருந்தது. அவள் அவன் கையை ஒரு இழுப்பு இழுத்தாள். கூடையில் எந்தக் குஞ்சு பொரித்தாலும் கேட்கிற அதே குரலில், தை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கேட்டாள். "எப்படி மாமா இருக்கு?" அலகு, கண், கால், வால் என்று வரிசையாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு இங்கே வேலை இல்லை. அவன் அந்தப் புள்ளியை ரெண்டாவது தடவை பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"இருக்குடி" என்றான். "அந்தா இருக்கு."